எட்டுப் போட்டால் போதுமா?

லைசென்ஸ் எடுக்கப் போகிற பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "காலை ஊன்றாம எட்டுப் போட்டுட்டு வந்துடு." அவனும் மைதானத்தில் நடை வேகத்தில் எட்டுப் போடுகிறான். ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்புகிறானோ அந்தப் பக்கம் வண்டி திரும்புகிறது. இன்ஸ்பெக்டர் தலையாட்டுகிறார். வளைவைப் பற்றி நமக்குக் கிடைக்கிற கல்வி அத்தோடு முடிந்துவிடுகிறது.

அடுத்த மாதம் அதே பிள்ளை டி.என். 63 என்று எண் எழுதிய புது 150 சிசி வண்டியில், காரைக்குடியிலிருந்து மதுரை ரோட்டில் மானகிரியைத் தாண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறான். மைதானத்தில் படித்த விதி அங்கே செல்லாது. அந்த வேகத்தில் வண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஹேண்டில் முதலில் ஒரு நூல் இடப்பக்கம் போக வேண்டும். இதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும், கை தானாகப் பழகியிருக்கும். ஆனால் வளைவு நினைத்ததைவிட இறுக்கமாக இருக்கிற அந்த ஒரு நாளில், பயத்தில் கை பழையபடி திரும்பும் பக்கமாகவே ஹேண்டிலைத் திருப்பும். வண்டி எதிர்ப்பக்கம் சாயும். ரோட்டை விட்டு நேராக வெளியே போகும்.

2022-ஆம் ஆண்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. விபத்துகள் 64,105, உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் மாநில அரசு தொடங்கியது. நல்ல திட்டம், பல உயிர்களைக் காக்கும் திட்டம். மானகிரியிலேயே மெயின் ரோட்டை ஒட்டிப் பெரிய மருத்துவமனை இருக்கிறது. விழுந்தவரைத் தூக்க ஏற்பாடு வந்துவிட்டது. விழாமல் ஓட்டக் கற்றுத்தர இன்னும் ஏற்பாடு இல்லை.

வறண்ட ஊரில் வளைவு எங்கே?

செட்டிநாடு சமவெளி. மலைப்பாதை கிடையாது. அப்புறம் வளைவு எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இங்கே ரோட்டை வளைத்தது கண்மாய். கரையை ஒட்டி மாட்டுவண்டி போன தடத்தின் மேல்தான் பிறகு கப்பி போட்டார்கள், தார் ஊற்றினார்கள். மெயின் ரோடு அகலமாகி நிமிர்ந்துவிட்டது. அதிலிருந்து ஊருக்குள் பிரிகிற கிளை ரோடுகள் இன்னும் கரையோடு கரையாக வளைந்துதான் போகின்றன. வளைவின் உள்பக்கத்தைச் சீமைக்கருவேலம் மறைத்து நிற்கும். எதிரே மினி பஸ் வருகிறதா, ஆட்டுமந்தை வருகிறதா என்று திரும்பிய பிறகுதான் தெரியும்.

தரையும் நம்ப முடியாத தரை. சரளை லாரி திரும்பும்போது சிந்திய பொடிக்கல் வளைவின் நடுவில்தான் கிடக்கும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழிந்து தார்மேல் மெல்லிய பூச்சாகக் காய்ந்திருக்கும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர்கள் இருட்டில் ஓரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். இந்த ரோட்டில் வளைவை எடுக்கத் தெரிவது பந்தயக்காரனின் வித்தையாக இருக்க முடியாது. பால்காரருக்கும் டீச்சருக்கும் காலேஜ் பிள்ளைக்கும் அது வேண்டும்.

ஒரு நூல் எதிர்ப்பக்கம்

சுமார் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் எட்டின் விதி ஓடும். அதற்கு மேல் இருசக்கர வண்டி திரும்புவது சாய்வதால்தான். சாய வைப்பதற்குச் சுலபமான வழி, திரும்ப வேண்டிய பக்கத்துக் கைப்பிடியை முன்னால் தள்ளுவது. வலப்பக்கம் போக வேண்டுமா, வலது கைப்பிடியை மெதுவாகத் தள்ளுங்கள். சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் நகரும், வண்டியின் மேல்பாகம் வலப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கம் வண்டி திரும்பும். ஆங்கிலத்தில் கவுண்டர் ஸ்டீயரிங் என்கிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. விமானம் செய்வதற்கு முன்னால் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிள் ஓட்டுகிற பலரைக் கேட்டிருக்கிறார். முழுவதையும் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை என்று பதிவும் செய்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் நிலைமை அப்படியேதான் இருக்கிறது. காலையில் ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில் 40-ல் போய்க்கொண்டே வலது உள்ளங்கையால் கைப்பிடியை லேசாகத் தள்ளிப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். பிடிபட்ட பிறகு வளைவு இறுகினாலும் என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும்: இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும்.

எவ்வளவு வேகத்தில் எவ்வளவு சாய வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு கண்மாய்க்கரை வளைவை எடுத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி சுமார் 23 டிகிரி சாய வேண்டும். யாராலும் முடியும், பயமே தெரியாது. அதே வளைவில் 50-ல் போனால் 33 டிகிரி. 60-ல் போனால் 43 டிகிரி. வேகத்தில் கூடியது பாதி, சாய்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 43 டிகிரி என்பது சாதாரண வண்டியின் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசுகிற சாய்வு. காய்ந்த நல்ல தாரிலேயே சாதாரண டயரின் பிடி முடிகிற இடமும் அதுதான். பொடிக்கல்லோ ஈரமோ இருந்தால் அதற்கு வெகுமுன்பே பிடி போய்விடும். "நேத்து இதே வளைவுல அம்பதுல வந்தேன், இன்னைக்கு அறுபது, என்ன பெரிசா?" என்கிற பேச்சுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

"முன் பிரேக்கைத் தொடாதே"

வண்டி கற்றுத்தருகிற அண்ணன், மாமா, சித்தப்பா எல்லோரும் சொல்லிவைக்கிற புத்தி இது. முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடித்துவிடும் என்று. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இந்தப் புத்தி உயிரைக் காத்ததைவிட எடுத்ததே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

110 கிலோ வண்டி, 70 கிலோ ஆள், ஆக 180 கிலோ. ஓரளவு அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது இதில் சுமார் 40 கிலோ பின்சக்கரத்தை விட்டு முன்சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. பின்சக்கரம் லேசாகிறது. அதில் பிரேக்கை மிதித்தால் வழுக்கும். முன்சக்கரம் கனத்து ரோட்டைக் கவ்வுகிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கைச் செய்யக்கூடியது அதுதான்.

அப்படியானால் தூக்கி அடித்த கதைகளெல்லாம் பொய்யா? பொய்யில்லை. பாரம் முன்னால் வந்து சேரும் முன்பே லீவரை வெடுக்கென்று இழுத்தவர்கள் அவர்கள். பாரம் வர, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் அமுங்க வேண்டும், அமுங்க ஒரு கணம் வேண்டும். முதலில் லேசாகப் பிடித்து ஃபோர்க் இறங்கட்டும், இறங்கியதும் அழுத்திப் பிடிக்கலாம். பந்தயக்காரர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் இதே வரிசைதான். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். ஆனால் சாய்ந்த நிலையில் பிடிக்கிற பிரேக்கையும் கணக்கில் எடுக்கும் ஏபிஎஸ் விலை கூடிய சில வண்டிகளில் மட்டுமே உண்டு. சாய்ந்திருக்கும்போது டயரின் பிடியில் பெரும்பகுதி திரும்புவதற்கே செலவாகிவிடுகிறது. பிரேக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

அதனால்தான் வளைவின் வேலையில் முக்கால்வாசி வளைவுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். நேராக இருக்கும்போதே பிரேக், நேராக இருக்கும்போதே கியர். பிறகு லீவரைப் பட்டென்று விடக்கூடாது. விட்டால் அமுங்கியிருந்த ஃபோர்க் துள்ளி எழும், முன்சக்கரத்தின் பாரம் குறையும், அதுவும் பிடி மிகவும் தேவைப்படுகிற அந்த நொடியில். மெல்ல விட்டுக்கொண்டே சாய்க்க வேண்டும். சாய்த்ததும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் வண்டி தன் தடத்தில் உட்கார்ந்து ஓடும். வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரை மூடித் திறந்து மூடித் திறந்து போகிறவர் அவ்வளவு தரமும் ஃபோர்க்கை ஆட்டிவிடுகிறார். எதிர்பாராமல் பொடிக்கல் வந்துவிட்டால் முன் பிரேக்கில் கை வைக்காமல் வண்டியை நிமிர்த்தி, நிமிர்ந்த பிறகு பிரேக்.

எல்லாவற்றுக்கும் மேலே கண். கண் போகிற பக்கம் வண்டி போகும். எதிரே வருகிற லாரியின் பம்பரைப் பார்த்துக்கொண்டே போனால் அதில்தான் போய் நிற்கும். வளைவு முடிகிற இடத்தைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாம்பல் நிற எண்ணெய்

ஓட்டுகிறவர் எவ்வளவு கற்றாலும், முன் ஃபோர்க் செத்துக் கிடந்தால் பயனில்லை. காரைக்குடியில் எந்த ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, பிரேக் புடிச்சா முன்னாடி அப்படியே குத்துதுண்ணே. ஆனா பள்ளத்துல விழுந்தா கையில அடிக்குது."

"எம்புட்டு ஓடிருக்கு தம்பி?"

"முப்பத்தஞ்சாயிரம்."

"ஃபோர்க் ஆயில் எப்ப மாத்துன?"

"அதுலயும் ஆயில் இருக்காண்ணே?"

இருக்கிறது. ஒரு காலுக்குக் கால் லிட்டர்கூட வராது, ஆனால் அதில்தான் வண்டியின் நடை இருக்கிறது. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதை வண்டி வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றிச் சட்டியில் வடிய விட்டால், முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு ஒரே ஊற்றாக, கழுவின பாத்திரத் தண்ணீரைப்போலச் சாம்பல் நிறத்தில் இறங்கும். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு இருக்காது, மெல்லிய நெறுநெறுப்பு இருக்கும். புஷ்ஷும் பைப்பும் தேய்ந்த உலோகத் தூள் அது. வாடையும் கெட்டிருக்கும். கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இரண்டு காலுக்கும் சமமாக அளந்து ஊற்றி வண்டியை எடுத்துப் போகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பி சொன்ன இரண்டு குறையும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். மெத்தென்றிருப்பதால் குத்துகிறதா, இறுகியிருப்பதால் அடிக்கிறதா? இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நம் சாதாரண வண்டிகளின் ஃபோர்க்கில் ஒரு ஸ்பிரிங்கும், துளையிட்ட ஒரு குழாயும், சுற்றிலும் எண்ணெயும் இருக்கும். ஃபோர்க் அமுங்கும்போது எண்ணெய் அந்தத் துளை வழியே பிதுங்கிப் போக வேண்டும். துளையின் சுபாவம் என்னவென்றால், எண்ணெய் இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால் எதிர்ப்பு ஏறத்தாழ நாலு மடங்காகும். பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் நிதானமாக இறங்குவதால் தடுப்பார் இல்லை, மூக்கைக் குத்துகிறது. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது வெடுக்கென்று அமுங்கப் பார்க்கிறது, எண்ணெய் துளையில் அடைத்துக்கொள்கிறது, அடி மணிக்கட்டுக்கு வருகிறது. விலை கூடிய வண்டிகளில் துளைக்குப் பதில் தகடுகளால் ஆன வால்வு வைப்பது இதற்காகத்தான்.

இந்த இடத்தில்தான் ஒரு தவறான வைத்தியம் நடக்கிறது. "கெட்டி ஆயில் ஊத்திட்டா குத்தாது" என்று இன்ஜின் ஆயிலையே ஃபோர்க்கில் ஊற்றிவிடுகிறார்கள். குத்துவது கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் பள்ளத்தில் அடி இன்னும் பலமாகும். அமுங்கிய ஃபோர்க் மேலே வரவும் நேரமெடுக்கும். வரிசையாக மேடுபள்ளம் வந்தால் ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிடும், ஃபோர்க் கீழேயே தங்கிவிடும். அந்த நிலையில் வளைவுக்குள் போனால் சக்கரம் ரோட்டில் ஒட்டாமல் தத்தித் தத்திப் போகும். கையேட்டை மீறி ஆயில் கிரேடை மாற்றுவது ஒவ்வொரு படியாக, காரணம் தெரிந்து செய்ய வேண்டிய வேலை.

ஆயிலை மாற்றியும் முன்பக்கம் தாழ்ந்தே நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதை வீட்டிலேயே அளக்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்னால் ஒருவர் அழுத்தினால் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். சக்கர ஆக்ஸிலிலிருந்து மேலே ஃபோர்க்கைப் பிடித்திருக்கிற கீழ் 'டி' வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, தினமும் ஓட்டுகிறவர் காலைத் தூக்கி உட்கார, ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அதே இடத்தை அளக்க வேண்டும். ஃபோர்க் மொத்தம் 120 மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய வண்டியில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் நல்ல நிலை. 60 என்று வந்தால், பாதி ஃபோர்க் உட்காரும்போதே செலவாகிவிட்டது. பிரேக்குக்கும் பள்ளத்துக்கும் மிச்சமிருப்பது பாதி. புது ஸ்பிரிங்கோ, ஸ்பிரிங்மேல் சிறு ஸ்பேசரோ போட்டால் சரியாகும். பத்து மில்லிமீட்டருக்கும் குறைந்தால் ஸ்பிரிங் ஓட்டுகிறவருக்கு விறைப்பு. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கி ரோட்டைத் தொட முடியாமல் தவிக்கும்.

ஆயிலுக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங். முன்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நட்ட நடுவில் டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்காருகிற மாதிரி தெரிந்தால் பேரிங்கில் தழும்பு விழுந்துவிட்டது. ஓடுகிற வண்டி நொடிக்கு நொடி ஹேண்டிலைத் தானே நுணுக்கமாகத் திருத்திக்கொண்டுதான் நேராகப் போகிறது. நடுவில் சிக்கினால் அந்தத் திருத்தம் நடக்காது. வண்டி பாம்பாக நெளியும், வளைவில் ஓட்டுகிறவரோடு மல்லுக்கட்டும். மாற்றச் சோம்பல்பட்டு இறுக்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஆயில் சீல் கசிவையும் அலட்சியம் செய்யக்கூடாது. பைப்பில் எண்ணெய் வளையம் தெரிந்தால், அது வழிந்து டிஸ்க் பேடில் இறங்கிய அன்று முன் பிரேக் இல்லை. விழுந்து எழுந்த வண்டியில் ஹேண்டில் கோணி நிற்பதை, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி முறுக்கி நேராக்குவார்கள். பல சமயம் 'டி'யில் ஃபோர்க் முறுகியிருப்பது மட்டும்தான் காரணம், அது சரியாகிவிடும். ஆனால் பைப்பே வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துப் பெண்ட் எடுத்துப் போடுவதைவிடப் புதுப் பைப் போடுவது நல்லது. ஏர் விஷயம் இரண்டு வரி: செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் போட்ட அளவு, டயர் சூடாகும் முன். பங்க்கில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவாக அடித்துவிட்டால் மறுத்துச் சொல்லுங்கள்.

சோழவரம் முதல் ஒசூர் வரை

இந்த ஃபோர்க்குக்கும் ஒரு வரலாறு உண்டு. எண்ணெய்த் தடுப்போடு கூடிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை உற்பத்தி வண்டியில் முதலில் போட்டது ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, 1935-இல். ஐம்பதுகளின் நடுவில் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியபோது அதிலும் அந்த வகை ஃபோர்க்தான். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் இன்னும் நிற்கிற பழைய புல்லட்டுக்கும், தேங்காய் மூட்டை ஏற்றிப் போகிற டிவிஎஸ் எக்ஸெல்லுக்கும் அடிப்படை ஒன்றே. (எக்ஸெல்லில் பின்னால் மூட்டை ஏற ஏற முன்சக்கரம் லேசாகும். அந்த வண்டியில் வளைவை இன்னும் நிதானமாக எடுக்க வேண்டும். பாரம் கால் வைக்கிற இடத்தில் இருப்பது எவ்வளவோ மேல்.)

வளைவு எடுக்கும் கலையைத் தமிழ்நாடு கற்றது சோழவரத்தில். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. எண்பதுகளில் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் ஒசூர் சுசுகி வண்டிகளும் மோதியதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் வந்தது. மறைந்த பந்தய வீரர் கரிவரதன் பெயரில் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. இந்த மண்ணிலிருந்துதான் ரஜினி கிருஷ்ணனும் ஜெகன் குமாரும் பலமுறை தேசியச் சாம்பியன் ஆனார்கள். சென்னையின் சரத்குமார் 2011-இல் 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓட்டினார். ஒசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு, ஸ்பிரிங் இறுக்கம், அமுங்கும் வேகம், எழும் வேகம் மூன்றையும் தனித்தனியே திருகி அமைக்கக்கூடிய ஃபோர்க்கை 2021-இல் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் கம்பெனி அமைப்பில் தொடங்கி, ஒரு தரத்துக்கு ஒரு திருகை மட்டும் மாற்றி, மாற்றியதை எழுதிவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டிராக்கில் வளைவின் நடு வரைக்கும் முன் பிரேக்கை இழைய இழையப் பிடித்துப் போவார்கள். ஃபோர்க் அமுங்கியிருப்பதால் வண்டி சீக்கிரம் திரும்பும் என்பதுதான் சூட்சுமம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு நம் ரோட்டில் செய்து பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிராக்கில் பொடிக்கல் இல்லை, எதிர் வண்டி இல்லை, விழுந்தால் உருள இடம் இருக்கிறது. அதே வளைவை அவர்கள் ஒரு நாளில் பல தடவை சுற்றுகிறார்கள். டிராக்கிலிருந்து நாம் எடுத்துவர வேண்டியது இழைவை. வேகத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மலை

காரைக்குடி, தேவகோட்டைப் பிள்ளைகள் ஞாயிறு விடிகாலையில் நத்தம் வழியாகச் சிறுமலைக்குப் போகிறார்கள். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. கொஞ்சம் துணிந்தவர்கள் எழுபது வளைவுள்ள கொல்லிமலைக்கும், நாற்பது வளைவுள்ள வால்பாறைக்கும். போகட்டும், நல்ல பொழுதுபோக்குதான். மலையில் வளைவு சொல்லித் தருவதுபோல வேறெதுவும் சொல்லித் தராது.

கொண்டை ஊசியில் சீக்கிரமே உள்பக்கம் திரும்பிவிடுகிறவர்கள்தான் முடிவில் எதிர்த்தடத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். தன் தடத்தின் வெளி ஓரத்தோடு கொஞ்ச தூரம் போய், வளைவு திறப்பது கண்ணில் பட்ட பிறகு உள்ளே வந்தால் வெளியேறும்போது இடம் மிச்சமிருக்கும். மையக்கோட்டை ஒட்டி மிகவும் சாயக்கூடாது. சக்கரம் நம் தடத்தில் இருந்தாலும் தலை எதிர்த்தடத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், பஸ் வரும். இறங்கும்போது நியூட்ரலில் உருட்டுவது பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பது பெரும் தவறு. ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறிக் கைவிடாது. குறுகிய மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டும் விதிகளே சொல்கின்றன. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும்.

சும்மா கிடக்கிற ஓடுதளம்

பிரிட்டனில் 2009-லிருந்து மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் தேர்வில், 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். அதே வேகத்தில் திடீரென்று விலகி ஒரு தடையைத் தவிர்த்தும் காட்ட வேண்டும். அதற்கென்றே மைதானங்கள் கட்டினார்கள். இங்கே நாம் எட்டோடு நிற்கிறோம். எட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. மெதுவாக ஓட்டும் நிதானம் எட்டில்தான் வரும். ஆனால் ஆளைக் கொல்கிற வேகத்தில் எப்படி நிறுத்துவது, எப்படி விலகுவது என்று ஒரு தரம்கூடச் சோதிக்காமல் லைசென்ஸ் கொடுப்பது நியாயமில்லை.

இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சோழவரத்தைப் போலவே உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று காரைக்குடிக்குப் பக்கத்தில் செட்டிநாட்டில் பயனில்லாமல் கிடக்கிறது. விமான நிலையம் வரும் என்கிற பேச்சு வருவதும் போவதுமாக இருக்கிறது. வருகிற வரைக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு, போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் காரைக்குடிக் கல்லூரிகளும் சேர்ந்து, கூம்பு வைத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி, நிறுத்தவும் விலகவும் சாயவும் சொல்லித்தரலாம். ஒர்க்‌ஷாப்காரர்கள் அங்கேயே ஃபோர்க்கைப் பரிசோதித்துச் சொல்லலாம். சிவகங்கை மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் நடக்கக்கூடிய காரியம் இது. மாவட்ட ஆட்சியர் இதைக் கவனிக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து வண்டியோட்டிகள் சார்பில் வேண்டிக்கொள்கிறோம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஒரு தரம் பலமாக அமுக்கி விடுங்கள். முன்பக்கம் ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட்டால் போய் வாருங்கள். இரண்டு மூன்று தரம் மேலும் கீழும் ஆடினால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்பில் விட்டு, ஃபோர்க் ஆயிலை மாற்றுங்கள்.